ஓட ஆரம்பித்தாயிற்று, ஐந்தாவது வாரத்தை எப்படித் தாண்டுவது?

புதிதாக ஓடுபவர்களுக்கான ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை ஃபோன் ஆப்பில் தொடங்குகிறீர்கள். முதல் நாள் காதில் ஒரு குரல் "இப்போது ஓடுங்கள்" என்கிறது. ஓடுகிறீர்கள். பத்தாவது விநாடியில் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று தோன்றுகிறது. இருபத்தைந்தாவது விநாடியில் உங்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்கே கேட்கிறது. நாற்பதாவது விநாடியில், ஆப் நின்றுபோய்விட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்க்கிறீர்கள். நிற்கவில்லை. இன்னும் இருபது விநாடி பாக்கி. ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. இதையே இன்னும் ஏழு தடவை செய்ய வேண்டும்.

முதல் நாளை எப்படியோ முடித்துவிடுகிறோம். முதல் வாரமும் அப்படித்தான் போகும். ஆரம்ப சூரத்தனம் என்ற சொல்லை உண்டாக்கியவர் புது ஷூ வாங்கிய யாரையோ பார்த்துத்தான் உண்டாக்கியிருக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் தவறும். நான்காவது வாரத்தில் இரண்டு நாள். அப்புறம் ஷூ கட்டிலுக்கு அடியில் போய்விடும். யாராவது கேட்டால் "மோட்டிவேஷன் போயிடுச்சு" என்போம்.

நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், ஒன்றல்ல இரண்டு தடவை. மூன்றாவது முயற்சியில்தான் ஒன்பது வாரத்தையும் முடித்தேன். அப்போது ஊக்கம் அதிகமாக இருந்ததா என்றால், முதல் இரண்டு தடவையைவிடக் குறைவாகத்தான் இருந்தது. இரண்டு தடவை தோற்றவனுக்கு என்ன பெரிய உற்சாகம் இருக்கும்? இரண்டே இரண்டு விஷயத்தைத்தான் மாற்றினேன். மெதுவாக ஓடினேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன். இந்தக் கட்டுரையில் அந்த இரண்டைத்தான் விரித்துச் சொல்லப்போகிறேன். மற்றதெல்லாம் கூடவே வருபவை.

திட்டத்தின் கணக்கு

புதிதாக ஓடுபவர்களுக்கான அட்டவணைகள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1996-இல் ஜாஷ் கிளார்க் என்பவர் உருவாக்கிய "கவுச் டு 5கே" அதில் புகழ்பெற்றது. சோபாவிலிருந்து எழுந்து ஐந்து கிலோமீட்டர் வரை என்று பொருள். அவருக்கு அப்போது இருபதுகளில் வயது. ஐம்பதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைக்க யோசித்ததில் பிறந்த திட்டம் அது. பின்னாளில் பிரிட்டனின் பொது சுகாதார சேவையே இதைத் தன் பெயரில் ஆப் ஆக்கிக் கொடுத்தது. ஓட்டத்துக்கு நடுவில் நடையைச் செருகும் யோசனை இன்னும் பழையது. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே எழுபதுகளிலிருந்தே புதியவர்களுக்கு இப்படித்தான் கற்றுக்கொடுத்து வந்தார். ஒலிம்பிக் வீரரே நடக்கச் சொல்லியிருக்கிறார் என்பதை, நடப்பது தோல்வி என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

திட்டத்தின் பரவலான வடிவம் இது: வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அரை மணி நேரம், மொத்தம் ஒன்பது வாரம். முதலில் 5 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். பிறகு முதல் வாரத்தில் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். ஓட்டத்தை மட்டும் கூட்டினால் 8 நிமிடம்தான். இரண்டாவது வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிட நடை. ஓட்டம் சுமார் 9 நிமிடம். மூன்றாவது வாரத்தில் முதல்முறையாக 3 நிமிட ஓட்டம் எட்டிப் பார்க்கிறது, ஆனாலும் மொத்தம் அதே 9 நிமிடம். நான்காவது வாரத்தில் 3, 5, 3, 5 என்று நான்கு துண்டு, ஆக 16 நிமிடம். இப்படியே போய் ஒன்பதாவது வாரத்தில் நிற்காமல் 30 நிமிடம்.

இந்தக் கூட்டலை ஒரு தாளில் நீங்களே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ஒரு ஏமாற்றத்தை இப்போதே தீர்த்துவிடுவோம். பெயரில் 5 கிலோமீட்டர் இருப்பதால், கடைசி நாளில் 30 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் ஓடிவிடுவோம் என்று பலர் நம்புகிறார்கள். அதற்கு ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் கடக்க வேண்டும். புதிதாக ஓடுபவருக்கு 7, 8 நிமிடம் ஆவதுதான் சாதாரணம், அதற்கு மேலும் ஆகலாம். ஒன்பது வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு, 30 நிமிடத்தில் 3.8 கிலோமீட்டர் என்று கைக்கடிகாரத்தில் பார்த்ததும் தோற்றுவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்டு. அரை மணி நேரம் நிற்காமல் ஓடினீர்கள் அல்லவா, திட்டம் கேட்டது அதைத்தான். மீதி தூரம் அதே வேகத்தில் இன்னும் பத்து நிமிடம் ஓடினால் தானாக வந்துவிடும்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது

நம்மில் பலருக்குத் தெரிந்த ஓட்டம் இரண்டுதான். சின்ன வயதில் பந்தயத்தில் ஓடியது ஒன்று. பெரியவரானதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடியது இன்னொன்று. இரண்டிலும் மெதுவாக ஓடினால் பயன் இல்லை. அதனால் "ஓடுங்கள்" என்று காதில் கேட்டதும் கால்கள் பழைய பழக்கத்தில் பாய்கின்றன. என் முதல் முயற்சி முழுவதும் அப்படித்தான் போனது. 60 விநாடியை பஸ் வேகத்தில் ஓடினேன். அடுத்த 90 விநாடி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் குரலைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. என்னிடம் மன உறுதி இல்லை என்று முடிவு கட்டிவிட்டு நிறுத்திவிட்டேன்.

இப்போது யோசித்தால், மன உறுதியைக் குறை சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. பான்டெலெய்மன் எக்கெகாகிஸ் என்ற ஆய்வாளர், உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கும்போதே மனநிலை எப்படி மாறுகிறது என்பதைப் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். முடிந்த பிறகு கேட்டால் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள், நின்றுவிட்ட நிம்மதி அது. நடுவில் கேட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது. உடல் சமாளிக்கிற வேகத்தில் பெரும்பாலானவர்களுக்கு இனிமையாகவோ, போகட்டும் என்கிற அளவிலோ இருக்கிறது. மூச்சு கட்டுப்பாட்டை மீறும் எல்லையைத் தாண்டியதும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மனநிலை சரியத் தொடங்குகிறது. எவ்வளவு ஊக்கத்தோடு வந்தவராக இருந்தாலும் அதுதான் கதி. மறுநாள் ஷூவைப் பார்க்கும்போது மனசுக்கு ஞாபகம் வருவதும் அந்த நடுவழி அவஸ்தைதான். ஊக்கம் குறைந்துவிட்டது என்று நாம் சொல்வதில் பாதியாவது, வேகம் கூடிவிட்டது என்பதன் மறுபெயர்.

எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். "நேற்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வர ரொம்ப நேரமாகிவிட்டது" என்று திக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. "நேற்று... சாயங்காலம்... நான்" என்று சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் அதிகம். தனியாக ஓடுகிறவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், இது அனுபவத்தில் கண்ட உபாயம்.

அப்படிப் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைக்கும் விடை: நீங்கள் நினைத்ததைவிட மிக மெதுவாக ஓட வேண்டியிருக்கும். விறுவிறுவென்று நடக்கிற ஒருவர் உங்களை முந்திப் போகலாம். போகட்டும். அடியைக் குட்டையாக்குங்கள். பணவிஷயத்தில் அகலக்கால் வைக்காதே என்பார்களே, ஓட்டத்தில் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கடைப்பிடிக்கலாம். கால் உடம்புக்கு முன்னால் நீண்டு போய் விழாமல், ஏறக்குறைய இடுப்புக்குக் கீழேயே ஊன்ற வேண்டும். தோளைத் தளர விடுங்கள். சத்தமில்லாமல் ஓடப் பாருங்கள். தொம் தொம் என்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் அடி நீளமாகிவிட்டது என்று அர்த்தம்.

மெதுவாக ஓடுவது கௌரவக் குறைச்சல் என்று தோன்றினால் இன்னொரு செய்தி. ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத் தரத்து வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை அலசியபோது, அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் சுலபமான தீவிரத்தில் நடப்பதைக் கண்டார். வேலையே ஓட்டமாக இருப்பவர்கள் பெரும்பாலான நாட்கள் பேசிக்கொண்டே ஓடுகிறார்கள். புதிதாக வந்த நாம்தான் தினமும் உயிரைக் கொடுக்கிறோம்.

முதல் சில நிமிடங்களை நம்பாதீர்கள்

ஓடத் தொடங்கியதும் தசைகளுக்கு ஆக்சிஜன் தேவை சட்டென்று ஏறுகிறது. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்த அளவுக்கு ஏறி வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பழக்கமில்லாத உடலுக்கு இன்னும் தாமதமாகும். அந்த இடைவெளியில் மூச்சு திணறும், கால் கனக்கும், "இன்றைக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது" என்று மனசு சாக்குத் தேடும். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, சூடேறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தொடக்கத்தில் வரும் 5 நிமிட நடையைத் தவிர்க்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல் வாரத்து ஓட்டம் 60 விநாடிதான் என்பதால், உடல் சமநிலைக்கு வருவதற்குள்ளேயே ஒவ்வொரு துண்டும் முடிந்துவிடுகிறது. அதாவது ஓட்டத்தின் மோசமான பகுதியை மட்டும் எட்டு தடவை ருசி பார்க்கிறீர்கள். "ஒரு நிமிடத்துக்கே இப்படி என்றால் முப்பது நிமிடம் எப்படி?" என்று பயப்படுவது நியாயம்தான், ஆனால் கணக்கு அப்படிப் பெருகுவதில்லை. ஐந்து, எட்டு நிமிடத் துண்டுகள் வரும்போது முதல் மூன்று நிமிடம் கடந்த பிறகு மூச்சு ஒரு தாளத்துக்கு வருவதை உணர்வீர்கள். நிறையப் பேர் அந்தக் கட்டத்தைப் பார்க்காமலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஓடினால் ஒரு பரவசம் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பொதுவாக நீண்ட நேரம் ஓடுபவர்கள் சொல்வது, அவர்களுக்கும் தினமும் வருவதில்லை. எட்டு நிமிட ஓட்டத்தில் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

ஓய்வு நாளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் காலில் விழும் விசை உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்தால் 30 நிமிடத்தில் 4,800 அடி. இதயமும் ரத்த ஓட்டமும் சீக்கிரம் பழகிவிடும். சில நாட்களிலேயே ரத்தத்தின் திரவ அளவு கூடத் தொடங்கும், சில வாரங்களில் மூச்சு இலகுவாகும். எலும்பும் தசைநாணும் அப்படியல்ல, அவற்றுக்கு மாதக் கணக்கு. ஆகவே மூன்றாவது, நான்காவது வாரத்தில் மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்லும், எலும்பு "பொறு" என்று சொல்லும். எலும்பு சொல்வது கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் விழும் என்பதுதான் சிக்கல். உற்சாகமாக இருக்கும் வாரத்தில் நாலாவது நாளும் சேர்த்து ஓடியவர்கள்தான், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்போரம் வலிக்கிறது என்று இரண்டு வாரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்தவர் திரும்ப எழுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

ஓடிய மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடையும் கெண்டைக்காலும் பொதுவாக வலித்தால் கவலை இல்லை, தானே போய்விடும். ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தாலோ, ஓட ஓட வலி கூடினாலோ, நடையே கோணலானாலோ நிறுத்திவிட வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் என்றால் யோசனையே வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் போன்ற பிரச்சினை ஏற்கெனவே இருப்பவர்கள் தொடங்குவதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஐந்தாவது வாரம், மூன்றாவது நாள்

இந்தத் திட்டத்தைத் தொட்டவர்கள் சந்தித்தால் பேச்சு கடைசியில் இந்த நாளில்தான் வந்து நிற்கும். ஐந்தாவது வாரத்தின் முதல் நாள் 5 நிமிட ஓட்டம் மூன்று. இரண்டாவது நாள் 8 நிமிட ஓட்டம் இரண்டு, நடுவில் 5 நிமிட நடை. மூன்றாவது நாள் அட்டவணையைத் திறந்தால், நடையே இல்லாமல் 20 நிமிடம். எட்டிலிருந்து இருபதா, அச்சுப் பிழையோ என்று தோன்றும்.

முன்பு போட்ட கூட்டலை இப்போது எடுங்கள். முதல் நாள் மொத்த ஓட்டம் 15 நிமிடம். இரண்டாவது நாள் 16. மூன்றாவது நாள் 20. கூடியது நான்கு நிமிடம்தான். நடுவிலிருந்த நடை போய்விட்டது என்பதுதான் பயமுறுத்துகிறது. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து நான்காவதுக்குப் போகும்போது 9 நிமிடம் ஒரேயடியாக 16 ஆனதே, அதைத் தாண்டியபோது இவ்வளவு பயந்தீர்களா? உடம்பைப் பொறுத்தவரை பெரிய தாவலை ஒரு வாரம் முன்பே தாண்டிவிட்டீர்கள். பாக்கி இருப்பது மனசு தாண்ட வேண்டியது.

நான் அந்த நாளை இப்படித்தான் ஓடினேன். முதல் ஐந்து நிமிடம் வேண்டுமென்றே அவமானப்படும் அளவுக்கு மெதுவாக ஓடினேன். ஏழாவது நிமிடத்தில் ஃபோனைப் பார்க்க ஆசை வந்தது, பார்க்காமல் அடுத்த மரம் வரை என்று ஓடினேன். மரம் வந்ததும் அதற்கடுத்த மரம். பதினொன்றாவது நிமிடம் வாக்கில் விலாவில் பிடித்துக்கொண்டது. நிற்காமல் வேகத்தை இன்னும் குறைத்து, மூச்சை நீளமாக வெளியே விட்டு ஓடியதில் மூன்று நான்கு நிமிடத்தில் விட்டுவிட்டது. பதினாறுக்கு மேல் எனக்கு ஒன்றும் பெரிதாக நினைவில்லை, எதிரே வந்த ஒரு நாயைத் தவிர. அது என்னைத் துரத்தத் தகுதியானவனாகக்கூட நினைக்கவில்லை.

முடியாமல் போனால்? அதே நாளை மறுபடி செய்யலாம். அந்த வாரத்தையே மறுபடி செய்யலாம். ஒன்பது வாரத் திட்டத்தைப் பதினான்கு வாரத்தில் முடித்தவருக்கும் ஒன்பதில் முடித்தவருக்கும் பதினைந்தாவது வாரத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. வாரத்தைத் திரும்பச் செய்வதற்குப் பரீட்சையில் ஃபெயில் ஆன முகத்தை யாரும் காட்டத் தேவையில்லை.

ஊக்கமூட்டும் பேச்சு எவ்வளவு தூரம் போகும்?

2002-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சாரா மில்னும் அவருடைய சகாக்களும் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் ஒரே ஒரு தடவையாவது 20 நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் நோக்கம். முதல் குழுவுக்கு ஊக்கமூட்டும் எதையும் தரவில்லை, அதில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இரண்டாவது குழு இதய நோயைப் பற்றியும் உடற்பயிற்சியின் நன்மையைப் பற்றியும் ஊக்கமூட்டும் வாசகங்களைப் படித்தது. அதில் செய்தவர்கள் 35 சதவீதம். மூன்றாவது குழுவும் அதே வாசகங்களைப் படித்தது, கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதியும் கொடுத்தது. அதில் 91 சதவீதம் பேர் செய்தார்கள்.

படித்தவர்களுக்கு ஆசை கூடத்தான் செய்தது, செயல் கூடவில்லை. இதன் பின்னணியில் இருப்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் விவரித்த எளிய விஷயம். "இந்த வாரம் ஓடணும்" என்பது ஆசை. "செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்து முடித்ததும் ஷூ போட்டு வாசலைத் தாண்டுவேன்" என்பது திட்டம். இரண்டாவதில் முடிவெடுக்கும் வேலை முன்னாலேயே முடிந்துவிடுகிறது. காலையில் படுக்கையில் கிடந்தபடி, போகலாமா வேண்டாமா என்று மனசோடு பேரம் பேசத் தொடங்கினால் மனசுதான் ஜெயிக்கும். அதற்குப் பேரத்தில் அனுபவம் அதிகம்.

எனவே ஞாயிற்றுக்கிழமை இரவு மூன்று வரி எழுதுங்கள். கிழமை, நேரம், வழி. நான்காவதாக ஒரு வரி: தடங்கல் வந்தால் என்ன செய்வது. "மழை பெய்தால் அன்று சாயங்காலம்", "சாயங்காலமும் முடியாவிட்டால் மறுநாள் காலை", இந்த மாதிரி. உடையையும் ஷூவையும் முந்தின இரவே எடுத்து வைத்துவிடுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் இருட்டில் சாக்ஸ் தேடும்போதுதான் பாதி ஓட்டங்கள் ரத்தாகின்றன.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆன காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை இருந்தது. நடுவில் நிற்கும் எண் 66. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் பழகின, உடற்பயிற்சிக்கு அதிக காலம் பிடித்தது. உங்கள் ஒன்பது வாரம் என்பது 63 நாள்தான், அதிலும் ஓடிய தடவை வெறும் 27. ஆகவே ஏழாவது வாரத்திலும் ஒவ்வொரு தடவையும் உங்களை நீங்களே தள்ளிவிட வேண்டியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதே ஆய்வில் ஆறுதலான ஒரு தகவலும் உண்டு: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் போனால் போகட்டும். இரண்டாவது நாளை விடக் கூடாது என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட விதி. விட்டதை ஈடுகட்ட அடுத்தடுத்த இரண்டு நாள் ஓடுவதும் கூடாது. காய்ச்சலோ பயணமோ இரண்டு வாரத்தைத் தின்றுவிட்டால், விட்ட இடத்துக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து தொடங்குங்கள்.

குறித்து வைப்பது, கூட ஓடுவது

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எந்த வாரம் எந்த நாள், அப்புறம் ஓடும்போது எப்படி இருந்தது என்று ஒரே வரி. "நாலாவது துண்டில் பேச முடிந்தது." "கால் கனம், தூக்கம் போதவில்லை." இந்த ஒரு வரிக்கு நிறைய மதிப்பு உண்டு. ஆறாவது வாரத்தில் சலிப்பு வரும்போது முதல் பக்கத்தைத் திருப்பினால், 60 விநாடிக்கு நீங்கள் எழுதிய புலம்பல் அங்கே இருக்கும். எடையைக் குறிப்பதை மட்டும் நான் தவிர்க்கச் சொல்வேன். வாரம் மூன்று தடவை எட்டு, பத்து நிமிடம் ஓடுவதால் தராசு முள் பெரிதாக அசையாது. அசையாத முள்ளைப் பார்த்துப் பார்த்தே ஓட்டத்தைக் கைவிட்டவர்கள் உண்டு.

ஆப் கொடுக்கும் பதக்கம், தொடர்ச்சிக் கணக்கு இதிலெல்லாம் கொஞ்சம் கவனம் வேண்டும். எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், புதிர் போடுவதற்குக் காசு வாங்கியவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. பதக்கத்துக்காக ஓடத் தொடங்கினால் பதக்கம் அலுக்கும் நாளில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தொடர்ச்சி அறுந்துவிடும் என்று ஓய்வு நாளில் ஓட வைக்கும் ஆப்பைவிட நோட்டு மேல்.

பாட்டோ கதையோ கேட்டுக்கொண்டு ஓடலாமா? தாராளமாக. கேத்தரின் மில்க்மன் குழுவினர் விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று சிலருக்குக் கட்டுப்பாடு வைத்துப் பார்த்தார்கள். முதலில் அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் வந்தார்கள். நடுவில் ஒரு விடுமுறை வந்தது, அதன் பிறகு அந்த வேகம் போய்விட்டது. தந்திரம் வேலை செய்யும், கொஞ்ச காலத்துக்கு. விடுமுறைக்குப் பிறகு புதுக் கதை ஒன்றோடு திரும்பத் தொடங்க வேண்டியதுதான். சாலையோரம் ஓடுகிறவர்கள் ஒரு காதையாவது வெளியே வையுங்கள்.

துணை இருந்தால் நல்லது, ஆனால் துணையின் வேகம் முக்கியம். உங்களைவிட நன்றாக ஓடும் நண்பர் "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று இழுத்துக்கொண்டு போனால் மேலே சொன்ன பஸ் ஓட்டம்தான் மிஞ்சும். உங்கள் பேச்சுக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் வரச் சம்மதிக்கிறவரோடு ஓடுங்கள். கூட்டமாக ஓட விரும்பினால் பார்க்ரன் போன்றவை பல நாடுகளில் நடக்கின்றன. 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியது அது. 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம். எல்லோருக்கும் கடைசியாக வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் நடந்து வருவார், அதனால் கடைசி இடம் யாருக்கும் கிடைக்காது. ஆண்டுகள் போகப்போக ஓடுபவர்களின் சராசரி நேரம் கூடிக்கொண்டே வந்ததை அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். மெதுவாக ஓடுபவர்கள் அதிகம் வருகிறார்கள் என்பதுதானே அதன் அர்த்தம்.

பத்தாவது வாரம்

யாரும் எச்சரிக்காத ஒரு இடம் இது. ஒன்பது வாரமும் அட்டவணை சொன்னதைச் செய்தோம். பத்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஆப்பைத் திறந்தால் வாழ்த்துச் செய்தி இருக்கிறது, அடுத்து என்ன என்று ஒன்றும் இல்லை. இலக்கைத் தொட்டவர்கள் சத்தமில்லாமல் நிறுத்துவது இங்கேதான்.

உடனே 10 கிலோமீட்டர் திட்டத்துக்குத் தாவ வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எலும்புக்கும் தசைநாணுக்கும் இன்னும் மாதக் கணக்கு பாக்கி இருக்கிறது. அதே மூன்று கிழமை, அதே நேரம் இருக்கட்டும். ஒரு நாள் வழக்கமான 30 நிமிடம். ஒரு நாள் 20 நிமிடம் மட்டும், கடிகாரம் இல்லாமல். ஒரு நாள் இதுவரை போகாத வழியில், இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக. ஒன்பதாவது வாரத்தின் ஞாயிறு இரவே இதை நோட்டில் எழுதிவிடுங்கள், ஷூ அப்போது வாசலில்தான் இருக்கும்.